டவாலி இல்லாதவர்களின் சீருடை

கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையை ஒட்டியிருக்கும் கலெக்டர் ஆபீசுக்குப் போனவர்கள் தபேதாரைப் பார்த்திருப்பார்கள். வெள்ளை உடுப்பு, தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே இறங்கும் சிவப்புப் பட்டை, அதில் பளபளக்கும் வில்லை. அந்தப் பட்டைதான் டவாலி. அதைப் போட்டவர் தன் உடுப்புக்குக் காசு எங்கே என்று தேடியதில்லை. துணிக்கு ஒரு தலைப்பு, தையல் கூலிக்கு ஒரு தலைப்பு, துவைக்கச் சலவைப்படி என்று அரசாங்கக் கணக்கில் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. டிரைவருக்குக் காக்கி, நர்சுக்கு வெள்ளை, போலீசுக்குக் காக்கி, எல்லாம் அப்படித்தான்.

பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தபோது சீருடைப் பதிவேடு என் மேசையில்தான் இருந்தது. கோ-ஆப்டெக்ஸிலிருந்து துணிக்கட்டு வந்து இறங்கும். கடைநிலை ஊழியர் என்று அப்போது சொல்வோம், ஒவ்வொருவராக வந்து மீட்டரைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போவார்கள். அதில் ஒருவர் துணியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். "எக்கா, போன வருசத்துத் துணி நல்ல கெட்டி. இது சல்லடையால்லா இருக்கு? நான் ஆபீசரைப் பாத்துக் கேக்கத்தான் போறேன்" என்பார். கேட்கவும் செய்தார். அதில் அவருக்குத் துளிக்கூடக் கூச்சமில்லை. வேலைக்கு வேண்டிய துணி, கொடுக்க வேண்டியது வேலை கொடுத்தவர் பாடு.

அவருக்குத் துணி அளந்து கொடுத்த எனக்கு அந்த நிம்மதி இருந்ததில்லை. எழுத்தருக்குச் சீருடை கிடையாது. ஆனால் கசங்கிய சேலையில், கிழிந்து ஒட்டுப்போட்ட ரவிக்கையில் போய் உட்கார முடியுமா? முடியாது. ஆசிரியைக்கும் பேங்க் குமாஸ்தாவுக்கும் கடைக் கணக்கப்பிள்ளைக்கும் இதே நிலைதான். உடை கட்டாயம், அதற்கு உத்தரவு கிடையாது, பணமும் கிடையாது. அதனால் அந்தச் செலவு 'தனக்கென்று எடுத்துக்கொண்டது' ஆகிவிடுகிறது. பெண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம், வீட்டுக்குள் நுழையும்போதே பையை முந்தானைக்குள் மறைக்கத் தோன்றும். இந்த மனக்கலக்கம் எப்போது ஆரம்பித்தது என்று ஓய்வுபெற்ற பிறகு யோசித்துப் பார்த்தேன். பொருநை என்கிற தாமிரபரணிக் கரையில் வேலைத் துணிக்கு யார் காசு கொடுத்தார்கள் என்ற கணக்கைப் பின்னோக்கிப் புரட்டினால் விடை ஓரளவு கிடைக்கிறது.

அம்மாவைப் பெற்ற தாத்தா சேரன்மகாதேவிப் பக்கம் பண்ணையாள். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை இரு கரையும் நெல். ஆனி ஆடியில் கார் நட்டு, ஐப்பசிக்கு முன்னே பின்னே அறுப்பு. அது முடிந்த கையோடு பிசானம், மாசி பங்குனியில் அறுப்பு. துணி வாங்கும் காலமும் இதற்குள்தான் அடங்கியது. கார் அறுத்த கையில் தீபாவளி வரும், பண்ணையார் வீட்டு முற்றத்தில் ஆளுக்கொரு கோடித் துணி கிடைக்கும். தாத்தாவுக்கு ஒரு நாலுமுழ வேட்டி, ஆச்சிக்கு ஒரு கண்டாங்கி. நெல்லாகக் கொடுத்த கூலியைப் போலத்தான் அதுவும், கூலியில் சேர்த்தி. வருசம் முழுக்க உழவும் களையும் அறுப்பும் அந்தத் துணியில்தான். பழசு மாத்துத் துணி, புதுசு நல்லது பொல்லாததுக்கு, அடுத்த தீபாவளிக்குப் புதுசு பழசாகும்.

இதைப் பண்ணையாரின் தயாளகுணம் என்று சொல்லிப் பூரிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பூரிப்பு இல்லை. துணி கொடுத்த கையே அதை எப்படி உடுத்த வேண்டும் என்றும் சொன்னது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, தோளில் துண்டு கிடக்கக் கூடாது. அண்டையிலிருந்த தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பில் சீலை போட்டதற்காகச் சந்தைகளில் அது இழுத்துக் கிழிக்கப்பட்டது. பல ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு 1859-இல்தான் மகாராஜா உத்தரவு போட்டு அந்தத் தடையைத் தளர்த்தினார், அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு வால் வைத்தார். வேலை செய்கிறவர் தன் காசில், தன் விருப்பத்துக்குத் துணி வாங்குவது என்பது இந்தப் பக்கத்தில் அவ்வளவு பழைய வழக்கமில்லை.

பாபநாசத்தில் அருவி கொட்டும் இடத்துக்குக் கீழே, ஆற்றுத் தண்ணீரின் வேகத்தையே விசையாக்கி ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் 1880-களில் நூற்பாலை கட்டினார்கள். விக்கிரமசிங்கபுரம் என்ற ஊர், எங்கள் வாயில் வி.கே.புரம், அதோடு வளர்ந்தது. பிறகு தூத்துக்குடியில் கோரல் மில், மதுரையில் மதுரா மில். என் அப்பாவுக்கு வி.கே.புரத்து ஆலையில் ஆயில்மேன் வேலை. ஓடுகிற கதிர்களுக்கும் உருளைகளுக்கும் எண்ணெய் விடுகிற வேலை. ஆலையில் கூலி ரொக்கம். நெல் கிடையாது, கோடி கிடையாது. மாதம் பிறந்து சம்பளம் வந்தால் அதற்குள் அரிசி, வாடகை, மருந்து, துணி எல்லாவற்றையும் நாமே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், ஊரே நூல் நூற்றது. அப்பா சட்டைப் பையில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். சட்டைத் துணிக்கு மட்டும் அம்பாசமுத்திரம் கடைத்தெருவுக்குப் போக வேண்டும்.

ஆனால் ஆலைக்குள் ஒரு துணி மட்டும் அப்பாவுக்கு இனாமாகக் கிடைத்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 22-ஆவது பிரிவு. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் அருகே போய் எண்ணெய் விடுகிற, பெல்ட்டு மாட்டுகிற ஆள் உடலோடு ஒட்டிய உடை போட்டிருக்க வேண்டும், அந்த உடையை நிர்வாகமே கொடுக்க வேண்டும் என்றது. தொங்குகிற வேட்டி நுனி போதும், மனிதனை இயந்திரம் இழுத்துக்கொள்ளும். ஆகவே அப்பாவுக்கு இறுக்கமான அரைக்கால் சட்டையும் பனியன் போன்ற மேல்சட்டையும் வந்தன. அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்து, ஆணியில் தனியாக மாட்டுவார். அந்தத் துணியின்மேல் அவருக்கு ஆசையும் இல்லை, உறுத்தலும் இல்லை. சுத்தியலைப் போல ஒரு சாமான்.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலும் இப்படி ஒன்று இருந்தது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் பம்பாய் பர்மா கம்பெனி 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த மலை அது. மணிமுத்தாற்றுக்கு மேலே அட்டையும் சாரலுமாகக் கிடக்கும் அந்தக் காட்டில் கொழுந்து பறித்தவர்களை நினைத்துத்தானோ என்னவோ, 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடை, கம்பளி, மழைக்கோட்டு என்று பெயர் சொல்லியே எழுதி, அவற்றை முதலாளி கொடுக்கும்படி மாநில அரசுகள் விதி செய்யலாம் என்றது. உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் துணி வேலை கொடுத்தவர் கணக்கு. மானத்துக்கு மட்டும்தான் என்றால் நம் கணக்கு. எங்கள் பள்ளத்தாக்கின் சட்டமும் வழக்கமும் போட்ட கோடு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆலைக்கும் இந்தச் சட்டங்களுக்கும் நடுவில் சுதேசி வந்தது. 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பக்கத்தில் நின்றார்கள். கூலி உயர்வு, வார விடுமுறை என்ற கோரிக்கைகள் சில நாளிலேயே ஜெயித்தன. மார்ச் 12-ஆம் தேதி தலைவர்கள் கைதானதும் மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். இதெல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. என் கதைக்கு வேண்டியது அதற்குப் பதின்மூன்று ஆண்டு கழித்து மதுரையில் நடந்தது. அந்நியத் துணியை எரி, கதர் உடுத்து என்று காந்தி ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வந்தபோது, கதர் வாங்க வசதியில்லை என்று ஏழைகள் அவரிடமே சொன்னார்கள். மறுக்க முடியாத பதில். மில் துணியைவிடக் கதருக்கு விலை அதிகம். 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி மேலமாசி வீதியில் தங்கியிருந்தவர் முழங்காலளவு வேட்டிக்கு மாறினார். வாங்க முடியாதவன் குற்ற உணர்வோடு திரிய வேண்டாம், இவ்வளவு துணி போதும் என்று தன் உடம்பிலேயே காட்டிவிட்டார். மகான் செய்யலாம். வேட்டியை முழங்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டச்சொல்லித் தலைமுறை தலைமுறையாக அதட்டப்பட்ட என் தாத்தா கூட்டத்துக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்று நினைத்தால் சிரிப்பும் வரும், வேறு ஏதோவும் வரும்.

யுத்த காலத்தைப் பற்றி அம்மா சொல்லித்தான் தெரியும். 1943-இல் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. துணியின் மேலேயே விலையை முத்திரை குத்தினார்கள். அதற்கு மேலே விற்றால் குற்றம், ஆனால் அந்த விலைக்குத் துணி கிடைக்காது. கார்டைக் காட்டிக் கெசம் கெசமாக வாங்கியது, ஒரே கட்டிலிருந்து வெட்டியதால் தெருவில் பாதிப்பேர் ஒரே கோட்டுச் சட்டை போட்டுத் திரிந்தது எல்லாம் அவளுக்குச் சிரிப்புக் கதைகள். மேலப்பாளையத்துத் தறிகளுக்கு நூல் கிடைக்காமல் போனதில் மட்டும் சிரிப்பு இருக்காது. அங்கே பல வீடுகளில் பிற்பாடு தறிக்குழி மூடப்பட்டு, மடியில் பீடிச் சுளகு ஏறியது. அம்மாவும் வி.கே.புரத்தில் பீடி சுற்றியவள்தான்.

'கண்ட்ரோல் துணி' என்ற பேர் எனக்கு நினைவு தெரிந்தும் இருந்தது. அது 1964-இல் வந்த வேறு திட்டம். ஆலைகள் தங்கள் உற்பத்தியில் ஒரு பங்கைக் குறைந்த விலையில் தர வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது. வேட்டி, சேலை, லாங்கிளாத், சட்டைத் துணி, டிரில் என்று ஐந்தே வகை. ஒரு நாட்டின் ஏழைக்கு என்னென்ன துணி போதும் என்று ஒரு சர்க்கார் உட்கார்ந்து போட்ட பட்டியல் அது என்று நினைக்கும்போது எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை உண்டு. குறிப்பாக டிரில். கெட்டியான நெசவு, முட்டி தேயாது, சைக்கிள் மிதித்தாலும் பின்பக்கம் நைந்து போகாது. அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தபோது கூட்டுறவுப் பண்டகசாலையில் வரிசையில் நின்று வாங்கிய டிரில்லில் தைத்த கால்சட்டை, அவன் கல்யாணம் வரை உழைத்தது. ஆனால் கண்ட்ரோல் சேலை வேறு ரகம். கோரா வாசமும் மொடமொடப்பும் போக எத்தனையோ துவைப்பு வேண்டும். உடுத்தினால் அடுத்த தெருவிலிருந்தே தெரியும், 'கண்ட்ரோல் உடுத்திருக்கா' என்று. மலிவான துணி என்பதையே துணி சத்தமாகச் சொல்லும்போது எந்தப் பெண் அதை விரும்பி வாங்குவாள்?

அதனால்தான் தவணைக்காரர் பிழைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆண்கள் கறிக்கடைக்கோ ஆற்றுக்கோ போயிருக்கும் நேரமாகப் பார்த்து, சைக்கிள் கேரியரில் மூட்டையோடு வருவார். திண்ணையில் வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் சேலைகளை அடுக்குவார். "மதினி, எடுத்து வையுங்க, துட்டு எங்கயும் ஓடிப் போகாது" என்பது அவர் மந்திரம். இருபது ரூபாய்ச் சேலை அவரிடம் இருபத்தாறு, வாரத்துக்கு ஒரு ரூபாய். அம்மாவுக்கு அந்தக் கணக்குத் தெரியாமலில்லை. பீடிக் கூலி அவள் கையில் வந்தது, வார ஒரு ரூபாய் அதிலிருந்து ஓசைப்படாமல் போனது, அப்பாவிடம் கேட்க வேண்டியதில்லை. அந்த ஆறு ரூபாய் அதிகம், கேட்காமல் இருப்பதற்குக் கொடுத்த விலை. வட்டி என்று பொருளாதாரக்காரர் எழுதுவார், நான் கூச்ச வரி என்பேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1980-களின் தொடக்கத்தில். கையில் வந்த முதல் சம்பளத்தில் ஆபீசுக்கு இரண்டு சேலை எடுக்க வேண்டும் என்றேன். அம்மா ஒன்றும் மறுக்கவில்லை. "எடுத்துக்கோட்டி. ஒங்க அப்பாவுக்குத்தான் கண்ணாடி மாத்தணும்" என்றாள். தட்டில் சோற்றை வைத்துவிட்டுப் பட்டினி கிடப்பவர்களைப் பற்றிப் பேசுவது போல இருந்தது. எடுத்தேன், ஆனால் அந்தச் சேலையை உடுத்தும்போதெல்லாம் அப்பா பேப்பரைத் தள்ளிப் பிடித்துப் படிப்பது கண்ணில் படும். எங்கள் அலுவலகத்தில் மூத்த எழுத்தர் ஒரு அம்மா இருந்தார். ஒரு நாள் என்னைக் கையோடு அழைத்துக்கொண்டு போய் கோ-ஆப்டெக்ஸில் கடன் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். அதற்குப் பிறகு என் துணிக் கணக்கே மாறிவிட்டது.

கோ-ஆப்டெக்ஸ் 1935-இல் சென்னை மாகாணத்துக் கைத்தறி நெசவாளர் சங்கங்களை ஒன்றுசேர்த்து ஆரம்பித்த கூட்டுறவு. ஆலைத்துணிப் போட்டியில் தறிகள் நின்றுபோன காலம் அது. நெசவாளியைக் காப்பாற்றத் துணி விற்றாக வேண்டும், நிலையான சம்பளக்காரர்கள் அரசு ஊழியர்கள். அவர்களுக்கு வட்டியில்லாத கடனில் கொடுத்து, மாதாமாதம் சம்பளப் பட்டியலிலேயே பிடித்துக்கொண்டால் பாக்கி நிற்காது. கதர்க் கடையிலும் அப்படித்தான். காந்தி ஜெயந்தி தள்ளுபடி தொடங்கும் நாளில் கலெக்டர் குத்துவிளக்கு ஏற்றும் படம் வருசா வருசம் பேப்பரில் வரும், கீழே அரசு ஊழியர்களுக்குத் தவணைக் கடன் உண்டு என்று ஒரு வரி இருக்கும். தீபாவளிக்குப் பண்டிகை முன்பணம், அதுவும் பத்துத் தவணைப் பிடித்தம், வட்டி கிடையாது.

இந்தப் பிடித்தத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சம்பளம் கைக்கு வரும் முன்பே துணிக்கான பணம் போய்விடுகிறது. கையில் வந்தது அரிசிக்கும் கண்ணாடிக்கும். இரண்டும் ஒரே பையில் இருந்தால்தானே ஒன்றை எடுத்து இன்னொன்றைக் குறைத்தோம் என்று மனசு குத்தும்? என் சம்பளச் சீட்டில் வைப்பு நிதி, குடும்ப நலநிதி என்று வரிசையாக வரும் பிடித்தங்களுக்கு நடுவில் கோ-ஆப்டெக்ஸும் ஒரு வரியாக நின்றது. அம்மா அந்தச் சீட்டை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "அது ஆபீசுல பிடிக்கிறது" என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டேன். குற்றம் அத்தோடு தீர்ந்தது. தவணைக்காரர் செய்த அதே காரியம்தான், கூச்ச வரி மட்டும் இல்லை.

என்ன எடுப்பது என்பது வேறு படிப்பு. மூத்த எழுத்தரம்மா கற்றுத் தந்ததில் முதல் பாடம் ரவிக்கை. டூ பை டூ துணியில் கறுப்பு ஒன்று, அரக்கு ஒன்று, சந்தன நிறம் ஒன்று தைத்து வைத்துக்கொள், சேலையை அந்த மூன்றுக்குள் பொருந்துகிற கரையாகப் பார்த்து எடு என்பார். ரவிக்கைத் தையல் கூலி அப்போதே சேலை விலையில் நல்ல பங்கு. சேலைக்கொரு ரவிக்கை தைக்கிறவர்கள் மாதக் கடைசியில் என்னிடம் கைமாற்றுக் கேட்பார்கள்.

அடுத்தது பருவம். கைத்தறிப் பருத்திச் சேலை சித்திரை வைகாசி வெயிலுக்கு வரம். ஆனால் அதற்குக் கஞ்சி போட வேண்டும், நீலம் போட வேண்டும், கரிப்பெட்டியில் தேய்க்க வேண்டும். வெளியே கொடுத்தால் இஸ்திரிக்காரருக்குத் தனிச் செலவு. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அது காயவே காயாது, ஈரவாடையோடு ஆபீசில் உட்கார வேண்டும். அதற்குத்தான் பூனம் சேலை. ராத்திரி அலசிக் கொடியில் போட்டால் காலையில் காய்ந்திருக்கும், கசங்காது, கஞ்சி வேண்டாம். எழுபது எண்பதுகளில் டெரிகாட்டனும் பூனமும் நைலக்ஸும் இந்த ஊரில் இத்தனை வேகமாகப் பரவியதற்குச் சினிமா மோகத்தைக் காரணம் சொல்வார்கள். வேலைக்குப் போன பெண்களைக் கேட்டிருந்தால் துவைக்கிற நேரத்தைச் சொல்லியிருப்பார்கள். கடையில் கொடுத்த விலை துணியின் பாதி விலைதான், மீதியைத் துவைகல்லிலும் இஸ்திரிப் பெட்டியிலும் கட்டுகிறோம். ஆகவே பங்குனியில் இரண்டு கைத்தறி, புரட்டாசியில் ஒரு பூனம். வருசத்துக்கு அவ்வளவே. பழையது வீட்டுக்கு இறங்கும், வீட்டில் உடுத்தியது கிழிந்தால் தலையணை உறையாகும்.

வீரவநல்லூரில் எங்கள் அத்தை ஒருத்தி இருந்தாள். பக்கத்துத் தெருவெல்லாம் சௌராஷ்டிர நெசவாளர்கள், செடிபுட்டாச் சேலைக்குப் பேர்போன ஊர். கடைக்குப் போகாமல் தறியிலேயே வாங்கினால் மலிவாச்சே என்று ஒருமுறை கேட்டேன். "அவ்வோகிட்ட வெல பேசாதட்டி. நீ கொறைக்க ரூவா அந்தப் பிள்ளைக வயித்துல" என்று அத்தை வெட்டிவிட்டாள். சிக்கனம் பார்க்கிறவர்களுக்கு இது ஒரு நியாயமான உறுத்தல். நான் மிச்சம் பிடித்தது எவர் கூலியில்? சங்கத் துணிக்கு அரசு கொடுக்கும் தள்ளுபடி அந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருந்தது. வாங்குகிறவருக்குக் குறைத்த பணத்தை அரசு சங்கத்துக்கு ஈடுகட்ட வேண்டும், நெசவாளி கூலியில் கை வைக்கக் கூடாது. காகிதத்தில் அழகான ஏற்பாடு. தள்ளுபடிப் பாக்கி வந்து சேரவில்லை என்று சங்கங்கள் புலம்பியதும் உண்டு, அப்போது சுமை எங்கே இறங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய வீதிகள் எப்போதும் ஜவுளிக்குப் பேர்போனவை. ஆர்.எம்.கே. விசுவநாத பிள்ளை இதே ஊரில் 1924-இல் தொடங்கிய கடைதான் பட்டுக்கென்று சென்னைவரை போன ஆர்.எம்.கே.வி. பட்டைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. கல்யாணப் பட்டுக்கு யாரும் வெட்கப்பட்டதில்லை, கடன் வாங்கி எடுத்தாலும் ஊர் மெச்சும். நான் சொல்ல வந்தது ஆடித் தள்ளுபடி. ஆடியில் கல்யாணம் கிடையாது, கையிலிருந்த காசெல்லாம் விதைக்கும் நடவுக்கும் போயிருக்கும், கடைகள் ஈயோட்டும். தேங்கிய சரக்கைத் தள்ளக் கண்டுபிடித்த வழி, இப்போது தீபாவளிக்கு அடுத்த திருவிழா. தென்காசி, தூத்துக்குடி, நாகர்கோவில் பஸ்ஸெல்லாம் அப்போது துணிப்பையோடுதான் திரும்பும்.

அந்தக் கூட்டத்தில் என் சக ஊழியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு நல்ல சேலை வேண்டும் என்று நேராகப் போய் வாங்க மனம் வராதவர்கள், பாதி விலை என்றதும் நான்கு வாங்குவார்கள். 'ஆபீசுக்கு ஆகும்லா' என்று ஒரு சமாதானம். நான்கில் இரண்டு ஆபீசுக்கு ஆகாது, கரை வெளுக்கும், அல்லது நிறம் கண்ணைப் பறிக்கும். அவற்றைப் பீரோவில் பார்க்கும்போது மறுபடி உறுத்தல், அந்த உறுத்தலில் அடுத்த ஆறு மாதம் ஒன்றும் எடுக்காமல் நைந்ததையே உடுத்துவது, அடுத்த ஆடியில் மறுபடி நான்கு. ஊதாரித்தனம் என்று இவர்களைச் சொல்ல மாட்டேன். தனக்கு வேண்டியதைத் தனக்கு வேண்டும் என்று சொல்லத் தெரியாததால் வந்த வினை இது. ஆண்களும் விலக்கல்ல. எண்பதுகளில் சஃபாரி சூட் வந்தபோது, பெண்டாட்டி வற்புறுத்தினாள் என்று சொல்லிக்கொண்டே தைத்தவர்கள் எங்கள் பிரிவில் பலர்.

வயலில் இந்தப் பிரச்சினை வேறு மாதிரி தீர்ந்தது. 1983-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் பொங்கலுக்கு இலவச வேட்டி சேலை வந்தது. அதை ஓட்டுக்கான தானம் என்று கேலி செய்தவர்களுக்கு நடவு வயலில் என்ன உடுத்துவார்கள் என்று தெரியாது. இன்றும் சுத்தமல்லிப் பக்கம் நாற்று நடும் பெண்களைப் பாருங்கள். பொங்கல் சேலை, அதன்மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. வெயிலுக்கும் அறுப்பில் நெற்சுணைக்கும் அதைவிட நல்ல உடுப்பு இல்லை, காசும் இல்லை. பண்ணையார் முற்றத்தில் கைநீட்டி வாங்கியதை இப்போது ரேசன் கடையில் கார்டைக் காட்டி வாங்குகிறார்கள். அந்த வித்தியாசம் சின்னதில்லை.

நான் ஓய்வுபெற்ற பிறகு, 2019-இல், தலைமைச் செயலக ஊழியர்கள் என்ன உடுத்தலாம் என்று தமிழ்நாடு அரசு ஓர் ஆணை போட்டது. பெண்களுக்குச் சேலை, துப்பட்டாவோடு சல்வார் அல்லது சுடிதார். ஆண்களுக்குச் சட்டையும் கால்சட்டையும், அல்லது வேட்டி. நிறம் அடக்கமாக இருக்க வேண்டும். படித்தபோது, ஆக எழுத்தருக்கும் சீருடை உண்டு என்று கோட்டையிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். தையல் கூலிக்குத் தலைப்பு ஏதாவது ஒதுக்கியிருக்கிறார்களா என்று பழக்கதோஷத்தில் கடைசி வரி வரை தேடினேன்.

அண்ணன் மகள் இப்போது பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. அங்கே திங்களும் வெள்ளியும் ஆசிரியைகள் எல்லாருக்கும் ஒரே சேலை. நிர்வாகம் மொத்தமாக வாங்கிக் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறது. சீருடை என்று பெயரும் வைத்து, காசும் நம்மிடமே வாங்கும் இந்த ஏற்பாடு என் சர்வீஸில் நான் கேள்விப்படாதது. எனக்குக் கோபம் வந்தது. அவள் சிரித்தாள்.

"அத்தை, நீங்க ஏன் கெடந்து கொதிக்கீங்க? ரெண்டு நாளைக்கு என்ன உடுத்தன்னு யோசிக்க வேண்டாம்லா. மிச்ச நாளைக்கு மூணு சுடிதார், ரெண்டு லெக்கின்ஸு, எல்லாத்துக்கும் சேருத மாதிரி ஒரே வெள்ளைத் துப்பட்டா. வருசத்துக்கு ஒருக்கத்தான் எடுக்கேன்."

ஒரே துப்பட்டாவில் மூன்று சுடிதார். ரவிக்கைக் கணக்கை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கோ-ஆப்டெக்ஸில் மாதச் சேமிப்புத் திட்டத்திலும் பணம் கட்டுகிறாள், அவளாகவே விசாரித்துச் சேர்ந்தது. முதிர்ந்ததும் அதில் என்ன எடுக்கப் போகிறாய் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்துக்கு இல்லை, தனக்குப் பிடித்த நிறத்தில் ஒரு சேலை என்றாள். அவள் அம்மாவுக்கு அந்த மாதம் பல் கட்ட வேண்டியிருந்தது. அதற்கு வேறு சீட்டுப் போட்டிருக்கிறாளாம்.